உங்கள் தரவு யார் யாரிடம் இருக்கிறது, அதை எப்படித் திரும்பக் கேட்பது? முழுமையான வழிகாட்டி

வண்டி இன்சூரன்ஸ் முடியப் பத்து நாள் இருக்கும்போது ஓர் அழைப்பு வரும். உங்கள் பெயர், வண்டி எண், பழைய பாலிசி எந்த நிறுவனத்தில் என்பது வரை அழைப்பவருக்குத் தெரிந்திருக்கும். "என் நம்பர் எப்படிங்க கிடைச்சுது?" என்று கேட்டால் "கம்பெனி டேட்டா சார்" என்பார். எந்தக் கம்பெனி என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிடும்.

அந்தக் கேள்விக்குப் பதில் வாங்க நம்மிடம் என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அதன் முக்கியமான பகுதிகள் இன்னும் முழுதாக அமலுக்கு வரவில்லை. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர் என்று ஐந்தாறு கதவுகள் ஏற்கெனவே திறந்துதான் இருக்கின்றன. எதற்கு எந்தக் கதவு என்று தெரியாமல் தட்டினால் "இது எங்கள் வரம்பில் வராது" என்று ஒரு வரியில் பதில் வரும். அதனால்தான் பலர் முதல் முயற்சியோடு விட்டுவிடுகிறார்கள்.

முதலில்: சட்டம் இப்போது எங்கே நிற்கிறது

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. 2019இல் மசோதா வந்தது, 2022இல் திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன.

விதிகள் மூன்று கட்டமாக அமலாகின்றன. தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பது உடனே. ஒப்புதல் மேலாளர் எனப்படும் இடைநிலை நிறுவனங்களின் பதிவு ஓராண்டு கழித்து. நமக்கு வேண்டிய உரிமைகள், அதாவது தரவைப் பார்ப்பது, திருத்துவது, அழிக்கச் சொல்வது எல்லாம் 18 மாதம் கழித்து, கணக்குப்படி 2027 மே மாதம். ஆனால் அதே சட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சுருக்கும் ஒரு பிரிவும் இருக்கிறது. அது மட்டும் அறிவித்தவுடனேயே அமலாகிவிட்டது. எதற்கு அவசரம், எதற்கு நிதானம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை நமக்கு இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும், அதன்கீழ் 2011இல் வந்த விதிகளும். இவை எல்லாத் தரவுக்கும் பொருந்தாது. கடவுச்சொல், வங்கி மற்றும் கார்டு விவரம், உடல்நிலை, மருத்துவ ஆவணம், கைரேகை போன்ற உயிரியளவு விவரம் ஆகியவற்றுக்குத்தான் முழுப் பாதுகாப்பு. வெறும் பெயரும் மொபைல் எண்ணும் மட்டும் போயிருந்தால் 43ஏ கைகொடுக்காது.

புதிய சட்டம் முழுமையாக வரும்போது 43ஏ நீங்கிவிடும். அதோடு, கவனக்குறைவால் தரவைக் கசியவிட்ட நிறுவனத்திடம் அந்தப் பிரிவின்கீழ் நஷ்ட ஈடு கேட்கும் வழியும் போகும். புதிய சட்டத்தில் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் அது அரசின் கணக்குக்குப் போகும், பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். ஆகவே பண இழப்போடு கூடிய பழைய புகார் ஏதாவது உங்களிடம் இருந்தால், 2027 மே வரை தள்ளிப்போடாமல் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

படி 1: யாரிடம் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள்

ஒரு நோட்டுப் போதும். நிறுவனத்தின் பெயர், கொடுத்த விவரம், எந்த மின்னஞ்சல் அல்லது எண், தோராயமான தேதி என்று நான்கு பத்திகள். இது இல்லாமல் அடுத்த படிகள் எதுவும் நடக்காது.

மின்னஞ்சலில் "வெல்கம்", "வெரிஃபை" ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். மறந்துபோன கணக்குகள் வரிசைகட்டி வரும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உங்கள் கணக்கோடு இணைந்துள்ள பிற செயலிகளின் பட்டியல் இருக்கும். என்றைக்கோ ஒரு முறை "கூகுள் மூலம் உள்நுழைக" என்று அழுத்தியவை எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும். வேண்டாதவற்றை அங்கேயே துண்டித்துவிடலாம்.

அடுத்து, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் பெயரில் எத்தனை சிம் இயங்குகிறது என்று காட்டும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத எண் இருந்தால் "இது என் எண் இல்லை" என்று அங்கேயே குறித்து அனுப்பலாம். ஆதார் தளத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றையும் பார்க்கலாம். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் கைரேகைச் சரிபார்ப்பு பதிவாகியிருந்தால் அன்றே ஆதார் உதவி எண் 1947க்கு அழையுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லக்கூடியது கடன் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பலரும் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கடைசியில் "என்கொயரி" என்றொரு பகுதி இருக்கும், அதைப் படியுங்கள். எந்த வங்கி, எந்தக் கடன் நிறுவனம், எந்தத் தேதியில், எவ்வளவு தொகைக்காக உங்கள் கடன் வரலாற்றை எடுத்துப் பார்த்தது என்று வரி வரியாக இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், உங்கள் பான் எண்ணும் பிறந்த தேதியும் வேறு கைக்குப் போயிருக்கக்கூடும். "கம்பெனி டேட்டா" எங்கே புறப்பட்டது என்பதற்கு எழுத்தில் கிடைக்கும் தடயம் சாதாரண நுகர்வோருக்கு இதைவிட வேறில்லை.

அறிக்கையில் தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன்பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தரவைத் திருத்தத் தாமதித்தால் பாதிக்கப்பட்டவருக்கே பணம் என்ற ஏற்பாடு இந்தியாவில் அபூர்வம். தெரிந்தவர்கள் குறைவு, கேட்பவர்கள் அதைவிடக் குறைவு.

இனிமேல் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன உத்தி: ஜிமெயில் முகவரியில் உங்கள் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். கடிதம் வழக்கமான பெட்டிக்கே வரும். நாளை அந்த முகவரிக்கு வேறொருவன் விளம்பரம் அனுப்பினால் கொடுத்தது யார் என்று தெரிந்துவிடும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது, அது வேறு விஷயம்.

படி 2: புதிதாகக் கொடுப்பதை நிறுத்துங்கள்

போனின் செட்டிங்ஸில் பெர்மிஷன் மேனேஜர் என்ற பகுதிக்குப் போங்கள். செயலி செயலியாகப் பார்க்காமல் அனுமதி அனுமதியாகப் பாருங்கள்: காண்டாக்ட்ஸ், இருப்பிடம், மைக், எஸ்எம்எஸ். இவற்றில் காண்டாக்ட்ஸுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான் முதலில் கை வைக்க வேண்டும். இருப்பிடம் கொடுத்தால் உங்கள் தரவு மட்டும் போகிறது. காண்டாக்ட்ஸ் கொடுத்தால் உங்கள் மாமனார், அலுவலக மேலாளர், பிள்ளையின் டீச்சர் எல்லாருடைய எண்ணும் அவர்களைக் கேட்காமலேயே போகிறது.

கடன் செயலிகளின் அராஜகம் இதில்தான் ஆரம்பித்தது. தவணை ஒரு நாள் தாமதமானால் காண்டாக்ட்ஸில் இருக்கும் அத்தனை பேருக்கும் உங்களைக் கேவலப்படுத்தும் படம் வாட்ஸ்அப்பில் போகும். ரிசர்வ் வங்கி 2022இல் வழிகாட்டுதல் கொண்டுவந்தது, 2025 மே மாதம் அதை விரிவான உத்தரவாக்கியது. அதன்படி கடன் செயலி உங்கள் கோப்புகள், படங்கள், காண்டாக்ட்ஸ், அழைப்புப் பதிவு எதையும் தொடக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றைக் கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்புக்காக ஒரே ஒரு முறை, உங்கள் வெளிப்படையான ஒப்புதலோடு எடுக்கலாம். ஆகவே காண்டாக்ட்ஸ் கேட்கும் கடன் செயலி விதியை மீறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுவியும் வைக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் கடன் செயலிப் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கிறது, நிறுவுவதற்கு முன் அங்கே பெயரைத் தேடுங்கள்.

ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் வசதி கூகுள் செட்டிங்ஸில் உண்டு. ஐபோனில் செயலிகள் உங்களைப் பின்தொடரக் கேட்கும் அனுமதியை மொத்தமாக மறுக்கலாம். இரண்டும் ஒரு நிமிட வேலை.

கடைக் கவுண்டருக்கு வருவோம். "நம்பர் சொல்லுங்க சார், நம்பர் இல்லாம பில் வராது" என்பது தினமும் கேட்கும் வசனம். வாடிக்கையாளர் மொபைல் எண் தர மறுத்தால் பொருள் தர மறுக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. சண்டை வேண்டாம். "நம்பர் வேண்டாம், பேப்பர் பில் குடுங்க" என்று சொல்லிவிட்டு நின்றால் போதும். வரவே வராது என்ற பில் பெரும்பாலும் வந்துவிடும். கவுண்டரில் இருக்கும் பெண்ணைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. எண் வாங்கச் சொல்வது மேலிடம்.

இணையத்தில் இதே வற்புறுத்தலுக்கு "டார்க் பேட்டர்ன்" என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அவற்றில் கட்டாயச் செயல் என்ற வகையில், சேவை வேண்டுமானால் உங்கள் தொடர்புப் பட்டியலைக் கொடு என்பதும், தேவையே இல்லாமல் ஆதார் அல்லது கிரெடிட் கார்டு விவரம் கேட்பதும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லலாம்.

படி 3: ஆதார் நகலை இப்படிக் கொடுங்கள்

லாட்ஜ், வாடகை வீடு, கூரியர் என்று எங்கும் நகல் கேட்கிறார்கள். ஆதார் தளத்திலிருந்து கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்ட் ஆதாரை இறக்கி அதையே கொடுங்கள். நகலின் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்து படத்தின் மேலும் எண்ணின் மேலும் கொஞ்சம் ஓட வேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். எம்ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வையுங்கள். ரேஷன் கடையிலோ சிம் வாங்கும்போதோ தேவைப்பட்டால் தற்காலிகமாகத் திறந்தால் போதும். வீட்டில் பெரியவர்களின் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருந்தால் அவர்களுக்கும் இதைச் செய்துகொடுங்கள். கைரேகையை வைத்தே பணம் எடுக்கும் மோசடிக்கு அதிகம் சிக்குபவர்கள் அவர்கள்தான்.

படி 4: எழுத்தில் கேளுங்கள்

கஸ்டமர் கேருக்குப் போன் செய்து சண்டை போட்டுப் பலனில்லை. அங்கே பேசுபவருக்கு உங்கள் கணக்கை அழிக்கும் அதிகாரம் கிடையாது, நீங்கள் பேசியதற்கு உங்களிடம் ஆதாரமும் இருக்காது. செயலியிலோ தளத்தின் அடியிலோ உள்ள பிரைவசி பாலிசியைத் திறந்து கடைசிப் பகுதிக்குப் போங்கள். குறைதீர் அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே முதல் மீறல், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் பதிவான அதே மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள். இப்படி:

"குறைதீர் அலுவலர் அவர்களுக்கு,
இந்த மின்னஞ்சல் முகவரியில் உங்களிடம் எனக்குக் கணக்கு உள்ளது. கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
ஒன்று: என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் விவரங்கள் எவை?
இரண்டு: அவற்றை எந்தெந்த நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? நிறுவனங்களின் பெயர் வேண்டும்.
மூன்று: விளம்பரத்துக்கும் பிறருக்குத் தருவதற்கும் நான் கொடுத்திருந்த ஒப்புதலை இன்றோடு திரும்பப் பெறுகிறேன்.
நான்கு: சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர மற்ற விவரங்களை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி செய்யவும். எதையாவது அழிக்க முடியாது என்றால் எது, எந்தச் சட்டப்படி, எவ்வளவு காலத்துக்கு என்று தெரிவிக்கவும்.
தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளில் 5ஆம் விதிப்படி ஒரு மாதத்துக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

இதில் நான்காவது கேள்விதான் ஆளை அசைப்பது. "பாலிசிப்படி வைத்திருக்கிறோம்" என்று மழுப்ப இடமில்லாமல், எந்தச் சட்டம் என்று சொல்ல வைக்கிறது. நேர்மையாகச் சொன்னால், இன்றைய விதிகளில் அழிக்கச் சொல்லும் உரிமை நேரடியாக இல்லை. தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஒப்புதலை எழுத்தில் திரும்பப் பெறலாம், தரவு யாருக்குப் போகும் என்பதை வாங்கும்போதே தெரிவிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்த மூன்றை வைத்தே இந்தக் கடிதம் நிற்கிறது. 2027 மேக்குப் பிறகு அந்தக் கடைசி வரியை மாற்றி, 2023 சட்டத்தின் 11, 12ஆம் பிரிவுகள் என்று எழுதினால் போதும். அப்போது பதில் தர அதிகபட்சம் 90 நாள். ஒரு மாதம் மூன்று மாதமானது முன்னேற்றமா என்று கேட்காதீர்கள்.

அடையாளத்தை நிரூபிக்க ஆதார் நகல் அனுப்பச் சொல்லிப் பதில் வரும். தரவை அழிக்கக் கேட்டவனிடம் இன்னொரு தரவு! பதிவான மின்னஞ்சலும் ஓடிபியும் போதும் என்று பதில் எழுதுங்கள்.

மறுப்பு நியாயமாக இருக்கும் இடங்களும் உண்டு. வங்கியும் கடன் நிறுவனமும் கேஒய்சி ஆவணத்தைக் கணக்கை மூடிய பிறகும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அது பணமோசடித் தடுப்புச் சட்டம். வரிக் கணக்குக்கான பில்லையும் உடனே அழிக்க முடியாது. அங்கே மல்லுக்கட்ட வேண்டாம். விளம்பரப் பயன்பாட்டை நிறுத்தினாலே பாதி வெற்றி.

செயலியை அன்இன்ஸ்டால் செய்தால் கணக்கு அழியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கணக்கு தொடங்க விடும் செயலியிலேயே கணக்கை அழிக்கவும் வழி வைக்க வேண்டும் என்று ஆப்பிளும் கூகுளும் விதி போட்டிருக்கின்றன. பட்டன் கண்ணில் படாவிட்டால் கூகுள் பிளேயில் அந்தச் செயலியின் "டேட்டா சேஃப்டி" பகுதியில் அழிக்கும் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். அழிப்பதற்கு முன் உங்கள் தரவின் நகலை இறக்கிக்கொள்வது நல்லது. கூகுளில் டேக்அவுட், வாட்ஸ்அப்பில் "ரிக்வெஸ்ட் அக்கவுன்ட் இன்ஃபோ".

தமிழில் எழுதலாமா? தாராளமாக. புதிய சட்டப்படி ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நிறுவனம் தர வேண்டும். தமிழும் அதில் ஒன்று. அமலுக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். படித்தால் புரியாத ஒப்புதலுக்கு என்ன மதிப்பு?

படி 5: பதில் வராவிட்டால் எந்தக் கதவு?

பணம் போயிருந்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்தில் பதியுங்கள்.

வங்கி, கடன் நிறுவனம், அவர்களுக்காக வேலை செய்யும் செயலி என்றால் முதலில் அந்த நிறுவனத்திடமே புகார். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, தகவலுக்கு 14448. முதல் புகாரின் நகல் இல்லாமல் போனால் மனு திரும்பிவிடும். படி 4இல் எழுத்து எழுத்து என்று அடித்துக்கொண்டது இதற்காகத்தான். இன்சூரன்ஸ் என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளம்.

விளம்பர அழைப்பு, எஸ்எம்எஸ் தொல்லைக்கு 1909. உங்கள் நெட்வொர்க்கின் செயலியிலோ டிராயின் டிஎன்டி செயலியிலோ எல்லா விளம்பர வகைகளையும் தடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் அழைப்பு வந்தால் 7 நாளுக்குள் புகார் செய்யுங்கள். முன்பு 3 நாள்தான் இருந்தது, 2025இல் நீட்டித்தார்கள். அழைத்த எண், தேதி, என்ன விற்றார்கள் என்ற மூன்றும் தேவை. 140இல் தொடங்கும் எண் விளம்பரம். 1600இல் தொடங்குவது வங்கி போன்றவற்றின் சேவை அழைப்பு. சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து வந்து எதையாவது விற்றால் அவரே விதியை மீறிவிட்டார், அதைக் கட்டாயம் பதியுங்கள்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் போன்ற தளங்களில் உங்கள் படம் அல்லது விவரம் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர் அலுவலரிடம் புகார். 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவு ஒப்பவில்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 மார்ச் முதல் முழுக்க இணையவழியில் இயங்குகிறது, வழக்கறிஞர் தேவையில்லை.

ஒரு பெரிய தளத்தின் கொள்கையே பிரச்சினை என்றால் தனி ஆளாக மோதுவது கடினம். வாட்ஸ்அப் 2021இல் "புதிய கொள்கையை ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் வெளியே போ" என்ற தோரணையில் நடந்துகொண்டதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஓராண்டு கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர்வதற்கு இருந்த 5 ஆண்டுத் தடையை மட்டும் நீக்கியது. கொள்கை வந்தது 2021 ஜனவரியில், அபராதம் 2024 நவம்பரில். கிட்டத்தட்ட 4 ஆண்டு. இடைப்பட்ட காலத்தில் நாம் எல்லாரும் "ஏற்கிறேன்" என்று அழுத்திவிட்டோம்.

கடைசியாக, பலருக்கும் தெரியாத கதவு. தரவுப் பாதுகாப்பில் நிறுவனம் கோட்டைவிட்டதால் உங்களுக்கு நஷ்டம் என்றால், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பளிக்கும் அதிகாரி. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். 2010இல் தமிழ்நாட்டில் இது நடந்து காட்டியது. வெளிநாட்டில் வேலை செய்த ஒருவரின் ஐசிஐசிஐ வங்கிக் கணக்கிலிருந்து ஃபிஷிங் எனப்படும் போலி மின்னஞ்சல் மோசடி மூலம் பணம் போனது. வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று செயலர் உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனாலும் பெரிய வங்கிக்கு எதிராக ஒரு தனி ஆள், சிவில் நீதிமன்றப் படி ஏறாமல் உத்தரவு வாங்க முடிந்தது என்பது முக்கியம்.

படி 6: கசிந்துவிட்டது என்று செய்தி வந்தால்

2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் வாடிக்கையாளர்களின் பாலிசி மற்றும் மருத்துவ விவரங்கள் டெலிகிராம் பாட்கள் எனப்படும் தானியங்கிக் கணக்குகள் வழியே கிடைப்பதாகச் செய்தி வெளியானது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஹேக்கருக்கும் டெலிகிராமுக்கும் எதிராக இடைக்காலத் தடை வாங்கியது. மருத்துவ விவரம் கசிந்தால் கடவுச்சொல்போல மாற்றிவிட முடியாது. எந்த நோய்க்கு எந்த மருத்துவமனையில் சேர்ந்தீர்கள் என்பது ஒருமுறை போனால் போனதுதான்.

புதிய விதிகள் முழுமையாக வந்த பின், இப்படி நடந்தால் நிறுவனம் தாமதமில்லாமல் உங்களுக்கே சொல்ல வேண்டும்: என்ன கசிந்தது, எப்போது, என்ன விளைவு வரலாம், அவர்கள் என்ன செய்கிறார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும், யாரைத் தொடர்புகொள்வது. வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை. சொல்லாமல் மறைத்தால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

செய்தி வந்த அன்று: அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும், அதே சொல்லைப் பயன்படுத்திய மற்ற இடங்களையும் மாற்றுங்கள். உங்கள் விவரம் கசிந்ததா என்று நிறுவனத்தைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். அடுத்த ஆறு மாதத்துக்குக் கடன் அறிக்கையில் என்கொயரி பகுதியைக் கவனியுங்கள். உங்கள் பாலிசி எண்ணையும் நோயின் பெயரையும் சரியாகச் சொல்லி "கிளைம் பணம் நிலுவையில் இருக்கு" என்று யாராவது அழைத்தால் நம்பாதீர்கள். கசிந்த விவரத்தை வைத்து நம்பிக்கை வாங்குவதுதான் அவர்கள் தொழிலே. லைனைத் துண்டித்துவிட்டு, பாலிசிப் பத்திரத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

படி 7: வாரியம் வேலை செய்யத் தொடங்கியதும்

தரவுப் பாதுகாப்பு வாரியம் முழுக்க டிஜிட்டல் அலுவலகமாக இயங்கும், மதுரையிலிருந்தோ தென்காசியிலிருந்தோ டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் நேரடியாகப் போக முடியாது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு வழியை முடித்த பிறகே வாரியம் மனுவை எடுக்கும். வாரியத்தின் முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆகவே கோபத்தில் கூட்டி எழுத வேண்டாம்.

அரசுத் துறைகள் மீது இந்தச் சட்டத்தை வைத்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி மத்திய அரசு எந்த அரசு அமைப்புக்கும் விலக்கு அளிக்க 17ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தரவை எடுக்க, பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. கல்விச் செயலிகள், விளையாட்டுச் செயலிகளுக்கு இது பெரிய மாற்றம். பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சில விலக்குகள் உண்டு.

நீங்கள் இறந்தாலோ செயல்பட முடியாமல் போனாலோ உங்கள் சார்பில் இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் 14ஆம் பிரிவு வழி செய்கிறது. அது அமலுக்கு வரும் முன்பே கூகுளில் "இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்" என்ற வசதி இருக்கிறது. 3, 6, 12 அல்லது 18 மாதம் கணக்கைத் தொடாவிட்டால் நீங்கள் குறித்து வைத்தவருக்குத் தகவல் போகும், கணக்கை அழித்துவிடவும் சொல்லி வைக்கலாம். பேஸ்புக்கில் "லெகசி கான்டாக்ட்" அதே வேலையை ஓரளவு செய்யும். குறித்து வைத்தவரிடம் வாய்மொழியாகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மின்னஞ்சலை மோசடி என்று நினைத்து அவர் அழித்துவிடுவார்.